மூன்றடிக்கு மேல் வளர்ந்த ஊசிமரங்கள்

ஒரே இனத்து மரத்தின் விதை மூன்று பைகளில் வந்தது. மடுல்கெல்லவில் நாங்கள் இருந்த கோப்பித் தோட்டத்துத் துரை, அவற்றை எங்கள் வீட்டு வாசலில் வைத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து என் கணவருக்குக் காட்டினார். பார்வைக்கு மூன்றிலும் இருந்தது ஒன்றுதான்: ஒரு பக்கம் மெல்லிய இறகு ஒட்டிய, எள்ளைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு விதை. இலை ஊசிபோல இருப்பதால் அந்த மரத்தை எங்கள் தோட்டத்தார் பிறகு ஊசிமரம் என்றே அழைத்தார்கள். அன்று அதற்குப் பெயரில்லை. விதைகளுக்கு ஊர் மட்டும் இருந்தது.

முதல் பை வட இந்திய மலைகளில் பனிக்கு வெகு அருகே உள்ள சரிவுகளிலிருந்து வந்தது. இரண்டாவது பை அதே மலைகளின் அடிவாரத்திலிருந்து, வெயில் காயும் தாழ்ந்த குன்றுகளிலிருந்து வந்தது. மூன்றாவது பை நீலகிரியிலிருந்து. அங்கே துரையின் நண்பர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் அடிவார விதையைத்தான் கொண்டுவந்து விதைத்திருக்கிறார். வளர்ந்தவற்றில் கோணலானவற்றையும் கவைத்தவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு, நேராக நின்றவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். எஞ்சிய மரங்கள் காய்த்த விதைதான் மூன்றாவது பையில் இருந்தது.

"மூணு வருசம் பார்ப்பேன், கங்காணி," என்றார் துரை. அவருடைய தமிழ் வேலைக்களத்தில் பழகிய தமிழ். கட்டளைக்கும் கணக்குக்கும் போதுமானது. "எது நல்லா நிக்குதோ அதை மேல்மலை நீளத்துக்கு நடுவோம். ஒண்ணும் நிக்கலேன்னா மேல்மலையை விட்டிருவேன். மேல்மலை இல்லேன்னா நாத்துமேடை எதுக்கு?"

அவர் குதிரையேறிப் போன பிறகு என் கணவர் பைகளை உள்ளே எடுத்து வைத்தார். "நாத்துமேடை இல்லேன்னா இந்த வீடும் இல்ல," என்றார். இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். என் கணவர் நாற்றுமேடைக்குப் பொறுப்பான கங்காணி. நான் கண்டி மஹய்யாவவில் பிறந்தவள். என் தந்தை ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். பிழையோடு அச்சாகி ஒதுக்கப்பட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தத் தாள்களில்தான் நான் வாசிக்கப் பழகினேன். திருமணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது என் தகரப் பெட்டியில் சேலையைவிடப் புத்தகம் அதிகம் என்று என் நாத்தனார் பல காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் கணவரின் அக்கா. இளவயதில் கணவரை இழந்தவர். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்தே மலைக்கு வந்தவர். நான் வந்தபோது பெண்கள் கூட்டம் ஒன்றுக்கு அவரே தலைவி.

முதல் இரண்டு வருடமும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அங்கே பிறந்த எங்கள் மகன் பத்து மாதம் இருந்தான். காம்பரா என்ற எங்கள் ஒற்றை அறையின் மண்தரையில் மழைக்காலம் முழுவதும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை சாக்கு விரித்தாலும் காலையில் கடைசிச் சாக்கும் நனைந்திருக்கும். அந்த ஈரம்தான் அவன் நெஞ்சில் இறங்கியது என்று நான் நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். அவன் போன அடுத்த வருடம் என் கணவருக்கு நாற்றுமேடைப் பொறுப்பு கிடைத்தது. அதோடு அங்கிருந்த சிறு வீடும். ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. ஆனால் கல் அடுக்கி உயர்த்திய அடித்தளம், மேலே பலகைத் தரை. முதல் நாள் நான் செருப்பில்லாமல் அந்தப் பலகையில் நெடுநேரம் நின்றேன். உள்ளங்காலில் ஈரம் இல்லை. என் நாத்தனார் பார்த்துவிட்டு, "கண்டிக்காரி கோயிலுக்கு வந்த மாதிரி நிக்கிறா," என்றார்.

இன்னொரு குழந்தை பிறந்தால் அந்தப் பலகையின் மேல்தான் பிறக்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மேல்மலை என்பது தோட்டத்தின் உச்சியிலிருந்த கோப்பி நிலம். ஆடிக்காற்று மலை இடுக்கில் புகுந்து நேராக அதன் மேல் விழும். கோப்பிச் செடி நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று, அடித்தண்டு மண்ணில் உராய்ந்து பட்டை போய்விடும். இலைகள் கருகிக் கொட்டும். காற்றைத் தடுக்க உயரமான மரவேலி ஒன்று வேண்டும் என்பதுதான் துரையின் எண்ணம்.

விதைகளை மூன்று மேடைகளில் தனித்தனியே போட்டோம். நாற்று எவ்வளவு வளர்ந்தது என்று மாதம் ஒருமுறை அளந்து ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதும் வேலை எனக்கு வந்தது. என் கணவருக்கு எண் தெரியும், எழுத வராது. அளப்பதற்கு வீட்டு வாசலில் ஒரு கோல் தொங்கியது. கோப்பிக்குரிய கோல் அது: கொய்யா மரத்தில் செதுக்கி, அடிக்கு ஒரு வெட்டாக மூன்று வெட்டுப் போட்டது. கோப்பிச் செடியை மூன்றடிக்கு மேல் யாரும் வளர விடுவதில்லை. அந்த உயரம் வந்ததும் தலையை வெட்டிவிட்டால் கிளை அகலும், பழம் கைக்கு எட்டும். அதற்காகத் தோட்டத்தில் இப்படிப் பல கோல்கள் இருந்தன.

அடிவார விதை முதலில் முளைத்தது. ஒன்று முழங்கால் உயரம் வரும்போது அடுத்தது அதில் பாதி இருக்கும். ஒன்று இடப்பக்கம் சாயும், ஒன்று இரண்டாகக் கவைக்கும். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாதபடி அவரவர் போக்கில் ஓடின. நீலகிரி விதை சற்றே பின்தங்கியது. ஆனால் எல்லாம் ஒரே உயரம், ஒரே நிமிர்வு. பனிச்சரிவு விதையோ கடைசியில் முளைத்து, விரல் உயரத்தில் ஒரு குஞ்சம் போல உட்கார்ந்துகொண்டது.

"இது மரமா, மாட்டுக்கு அறுக்கிற புல்லா?" என்று என் நாத்தனார் ஒருநாள் மேடையோரம் குந்தியிருந்து கேட்டார்.

"மரந்தான் மதினி. பனி பெய்யிற ஊருல இருந்து வந்தது."

"பாவம். இன்னும் பனி பெய்யும்னு பாத்துக்கிட்டு இருக்கு போல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பின்னாளில் தந்தை அனுப்பிய ஒரு விவசாயப் பத்திரிகையில், குளிர் நாட்டு மரங்கள் வருடத்தில் சிறிது காலமே தளிர்த்து, வரப்போகும் பனிக்காகச் சீக்கிரமே மொட்டை மூடிக்கொண்டுவிடும் என்று வாசித்தேன். எங்கள் மலையில் பனி வருவதில்லை. அந்தச் செடிக்கு அது தெரியாது. அதன் ஊர் விதைக்குள்ளேயே இருந்தது.

மனிதரைப் பற்றியும் இப்படிச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வறண்ட சமவெளியில் பிறந்த என் கணவர் மார்கழிக் குளிரில் ஒற்றைப் போர்வையோடு உறங்குவார். கண்டியில் பிறந்த நான் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

கோப்பி நாற்றில் பின்தங்கியதைப் பிடுங்கி எறிவதுதான் வழக்கம். பனிச்சரிவு நாற்றுகளையும் பிடுங்கிவிடலாமா என்று என் கணவர் ஒருமுறை யோசித்தார். "மூணையும் பாக்கணும்னுதானே தொரெ சொன்னாரு," என்றேன். "அது சரி. உன் புத்தகத்துல ஒரு பக்கம் வெறுமையா இருந்தா உனக்குத் தூக்கம் வராது," என்று சிரித்துவிட்டு விட்டுவைத்தார்.

அடுத்த மழைக்கு மூன்றையும் மேல்மலை விளிம்பில் வரிசையாக நட்டார்கள். முதலில் அடிவாரத்து மரங்கள், நடுவில் நீலகிரி மரங்கள், கடைசியில் பனிச்சரிவு மரங்கள். இரண்டு வருடம் கழிந்தபோது அடிவாரத்து மரங்களில் பல என் தலையைத் தாண்டியிருந்தன. நீலகிரி மரங்கள் என் தோளுக்கு வந்தன. பனிச்சரிவு மரங்கள் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. துரை வந்து பார்ப்பதற்குச் சில வாரங்களே இருந்தன. என் கணவரின் நடையில் ஒரு தெம்பு வந்திருந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம்.

பங்குனியில் கோப்பிக்குத் தலைவெட்டு தொடங்கியது. வழக்கமாக ஆண்கள் செய்யும் வேலை. அந்த வருடம் அவர்களெல்லாம் பாதை வெட்டப் போய்விட்டதால், மேல்மலை என் நாத்தனாரின் கூட்டத்துக்கு வந்தது. என் கணவர் சாக்கு ஏற்றி வர வண்டியோடு கண்டிக்குப் போயிருந்தார். போகவர மூன்று நாள். காலையில் ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து என் நாத்தனார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"புள்ள, அந்தக் கோல எடு. எங்க கூட்டத்துக்குக் கோல் பத்தல."

நான்தான் வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர், வாசற்படியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். முகத்தில் நிறைவு.

"உன் புருசன் வந்தா சொல்லு. அவன் மரத்தையும் சேத்து முடிச்சிட்டோம்."

"எந்த மரத்த மதினி?"

"ஊசிமரந்தான். ஆளு ஒசரத்துக்கு வளர விட்டு வச்சிருக்கான். 'மேல்மலையில மூணடிக்கு மேல ஒரு தலையும் இருக்கக் கூடாது'ன்னு தொரெ காலையில பெரட்டுல நின்னு சொல்றாரு. இதப் பாத்தா யார ஏசுவாரு? எந்தம்பியத்தான். பொம்பளைங்க பதினாலு பேரு, சோறுகூடத் திங்காம மட்டமாக்கிட்டோம். போய்ப் பாரு, மேல பாய் விரிச்சுப் படுக்கலாம்."

நான் மேல்மலைக்கு ஏறினேன். வயிற்றோடு அந்த ஏற்றம் ஏறக்கூடாதென்று அவரே பலமுறை தடுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. அடிவாரத்து மரங்களும் நீலகிரி மரங்களும் ஒரே மட்டத்தில், நூல் பிடித்தது போல மூன்றடியில் நின்றன. வெட்டு ஒவ்வொன்றும் சுத்தமாக, சரிவாக, நல்ல கையால் விழுந்த வெட்டு. வெட்டிய தலைகளைக்கூட ஓரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். பிசின் வாசனை காற்றில் நின்றது. கோலுக்கு எட்டாத பனிச்சரிவு மரங்கள் மட்டும் முழுசாக இருந்தன.

"வெட்டினா தளுக்காதா?" என்றார் என் நாத்தனார். குரல் மாறியிருந்தது.

"கோப்பி தளுக்கும் மதினி. இது தளுக்குமான்னு எனக்குத் தெரியாது. எது ஒசரமா நிக்கும்னு பாக்கத்தான் தொரெ நடச் சொன்னாரு."

அவர் குவியலின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊசிகளை நீவிக்கொண்டே இருந்தார். "கோல நீ குடுக்காம இருந்திருக்கலாம்," என்றார். சற்றுக் கழித்து, "நீ குடுக்கலேன்னாலும் வேற கோல எடுத்திருப்பேன்," என்றார்.

என் கணவர் மூன்றாம் நாள் வந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் மேலே போய்விட்டு, ஒரு நீலகிரி மரத்தின் தலையோடு இறங்கி வந்தார். அதைப் பித்தளைச் செம்புத் தண்ணீரில் நிறுத்திச் சாளரத்தில் வைத்தார்.

"வேர் விடுமா?" என்று கேட்டேன்.

"விடாது."

"பெறகு எதுக்கு?"

"எனக்கு," என்றார்.

அன்று சாப்பிடும்போது என் நாத்தனார் சோற்றைத் தொடாமல், "மான் மேஞ்சிருச்சுன்னு சொல்லிரு தம்பி," என்றார்.

"மான் கோல் வச்சு அளந்தா மேயும், அக்கா?"

அவர் முகத்தைச் சிரிப்பு வரும்போலச் சுருக்கிக்கொண்டு, பிறகு முந்தானையால் மூடிக்கொண்டார். என் கணவர் அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கவளம் பிசைந்து அவர் கையில் வைத்தார். சிறு வயதில் அக்கா தனக்குச் செய்ததைத்தான் திருப்பிச் செய்தார் என்று நினைக்கிறேன். அந்தத் தலைவெட்டைப் பற்றி அக்காவிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

துரையிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதென்று முடிவாயிற்று. அவர் வந்து வரிசை நெடுக நடந்தார். ஒவ்வொரு வெட்டையும் கைத்தடியால் தொட்டார். "யாரு?" என்றார். என் கணவர் வாய் திறக்கும் முன்பே என் நாத்தனார் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் தொரெ. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். மேல்மலையில மூணடிக்கு மேல ஒரு தலையும் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

துரை அவரையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அவரைத் தண்டிக்கவில்லை. என் கணவரிடம் மட்டும் திரும்பி, "இனிமே இதுல பார்க்க ஒண்ணும் இல்லே. மழை முடியட்டும். ஐப்பசியிலே வீட்டைக் காலி பண்ண ரெடியா இரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியில் என் நாத்தனார், "அந்தச் சமயத்துல மேல்மலையில மூணடிக்கு மேல நிமிந்து நின்னது அவரு தலை ஒண்ணுதான்," என்றார். நாங்கள் மூவரும் பாதையில் நின்று சிரித்தோம். சிரித்து முடிந்ததும் ஐப்பசி நினைவுக்கு வந்தது. ஐப்பசி என்றால் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். லயத்தில் மழை ஈரம் காயாத மாதம் அது.

நான் அளப்பதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், வைகாசிப் பக்கத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியாது. ஆனால் எல்லா மரமும் மூன்றடியில் நிற்கும்போது உயரத்தை எழுதி என்ன பயன்? நிறைமாதத்தை நெருங்கிய என்னால் ஏறவும் முடியாது. எனவே என் கணவர் மேலே போய் வந்து சொல்வார், நான் எழுதுவேன். ஒருநாள் அவர், "ஒசரத்த விடு. தலை எத்தனைன்னு எழுது," என்றார்.

"என்ன தலை?"

"வெட்டின எடத்துல கீழ்க்கிளை நிமிந்து மேல வருது. அடிவாரத்து மரத்துல மூணு, நாலு ஒண்ணா எழும்புது, ஒண்ணுக்கொண்ணு போட்டி. புதர் மாதிரி அடைச்சுக்கிச்சு. நீலகிரி மரத்துல ஒரே ஒரு கிளைதான். அது நேரா நிமிந்திருச்சு. மத்ததெல்லாம் அது பேச்சக் கேட்டு அடங்கிக் கெடக்கு."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்தச் செய்தியின் அழகு எனக்கு அப்போதே விளங்கியது. உயரத்தை மட்டும் பார்த்திருந்தால், அடிவாரத்து மரங்கள் நீலகிரி மரங்களை முந்தின என்று எழுதி முடித்திருப்போம். தலையை வெட்டிய பிறகுதான் அவற்றின் வளர்ப்பு வெளியே வந்தது. எங்கோ நீலகிரியில் ஒரு மனிதர் கோணலை விலக்கி நேரானதை வைத்துக்கொண்டே வந்ததன் பலன், அவர் கண்ணால் பார்க்காத பிள்ளை மரத்தில், ஒரு தவறான வெட்டுக்குப் பிறகும் ஒற்றைத் தலையாக எழுந்து நின்றது. பனிச்சரிவு மரங்களைப் பற்றி என் கணவர் சொன்னது: "ரெண்டு விரக்கடை வளந்துச்சு. இந்த வருசத்துக்கு அவ்வளவுதான்னு நெனக்கிறேன்."

ஆடியில், காற்று ஓட்டைத் தூக்கிவிடும்போல அடித்த ஒரு பகலில், எங்கள் மகள் பலகைத் தரையின் மேல் பிறந்தாள். என் நாத்தனார்தான் அவளைக் கையில் வாங்கினார். குளிப்பாட்டித் துடைத்து என்னருகே கிடத்திவிட்டு, தரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "காஞ்சிருக்கு," என்றார்.

புரட்டாசி கடைசியில் துரை வந்தார். வீட்டைப் பார்க்க வந்தார் என்றே நினைத்தேன். தட்டுமுட்டுச் சாமான்களைப் பாதி கட்டி வைத்திருந்தேன். வாசலில் கதிரை எடுத்துப் போட்டோம். அவர் உட்காரவில்லை. என் கணவரை அழைத்துக்கொண்டு மேலே ஏறினார். குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு நானும் என் நாத்தனாரும் தூரத்தில் பின்தொடர்ந்தோம்.

அவர் மரங்களைப் பார்க்கவே இல்லை. மரங்களுக்குப் பின்னால் நின்ற கோப்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பனிச்சரிவு மரங்களுக்குப் பின்னால் வழக்கம்போல வெறும் குச்சிகள். நீலகிரி மரங்களுக்குப் பின்னால் செடியின் மேற்பாதியில் இலை இருந்தது. காற்று அடியில் புகுந்து கீழ்ப்பாதியை உதிர்த்திருந்தது. அடிவாரத்து மரங்களுக்குப் பின்னால் முதல் நான்கு வரிசைக் கோப்பி, அடியிலிருந்து நுனிவரை பச்சையாக நின்றது. தலை வெட்டுப்பட்டுப் புதராக அடைத்துக்கொண்ட மரங்கள் தரையோடு வந்த காற்றை அங்கேயே நிறுத்தியிருந்தன. ஆனால் ஐந்தாவது வரிசையிலிருந்து மறுபடி கருகல். அவ்வளவு தாழ்ந்த வேலியின் காப்பு அதற்கப்பால் எட்டவில்லை.

துரை இரண்டாம் முறையும் அந்த நீளம் நடந்தார். என் கணவர் அவர் பின்னால் போய்க்கொண்டே, "முன்னுக்கு இது, பின்னுக்கு அது தொரெ," என்றார். "அடிவாரத்து மரத்த வெட்டி வெட்டிக் குட்டையா வச்சுக்கிட்டா கீழ்க்காத்து நிக்கும். நீலகிரி மரம் பின்னால ஒசந்தா மேல்காத்து நிக்கும். புத்தகத்துல எழுதியிருக்கு."

நான் புத்தகத்தைக் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எண்களைப் பார்த்தார். தலைகளை எண்ணி எழுதிய பக்கத்துக்கு வந்ததும், அது என்னவென்று கேட்டு, மரத்தோடு ஒப்பிட்டு, ஐந்தாறு மரங்களைத் தானே எண்ணிப் பார்த்தார். பிறகு என் நாத்தனாரை அழைத்து, அடிவாரத்து மரங்களைக் காட்டினார்.

"இதை வருசா வருசம் நீதான் வெட்டணும். இதை மட்டும். அதைத் தொடாதே."

"சரி தொரெ. எத்தனை அடிக்கு?"

"நாலு."

"எங்கிட்ட இருக்கிறது மூணடிக் கோலு."

"புதுக் கோல் வெட்டிக்கோ," என்றார் துரை. பிறகு என் கணவரிடம், எல்லாம் முன்பே பேசி முடித்தது போல, "அடுத்த மழைக்கு எத்தனை நாத்து ஆகும்?" என்று கேட்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் குதிரை வளைவில் மறைந்ததும் என் நாத்தனார் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "போ, கட்டின மூட்டைய அவிழு," என்றார்.

பனிச்சரிவு மரங்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. என் கணவர் அவற்றில் மூன்றை மண்கட்டியோடு தோண்டி எங்கள் வீட்டோரம் நட்டார். யாருக்கும் அவற்றால் பயனில்லை, தொல்லையும் இல்லை. வருடத்துக்கு இரண்டு விரற்கடை வளர்ந்துகொண்டு அங்கேயே இருந்தன.

அந்த வேலி மேல்மலையைக் காற்றிலிருந்து காத்தது. பிறகு இலையின் அடியில் மஞ்சள் பொடி பூசினாற்போல வந்த நோயிலிருந்து எந்த வேலியும் கோப்பியைக் காக்கவில்லை. நோய் வந்த வருடங்களில் என் கணவர் ஒவ்வொரு மலையாக நடந்து, நோயைத் தாங்கி நிற்கும் ஒரே ஒரு செடியையாவது தேடினார். கிடைத்தால் அதிலிருந்து விதை எடுக்கலாம் என்று. கிடைக்கவில்லை. "நாம கோப்பி வெதைய எந்த மரத்தடியில பொறுக்கினோம்னு ஒருநாளாவது பாத்தோமா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. விழுந்து கிடந்ததைப் பொறுக்கினோம், எல்லாம் ஒன்றுபோல முளைத்தது, எல்லாம் ஒன்றுபோலப் போயிற்று. நாற்றுமேடையில் முதலில், காய்ச்சல் மருந்துக்குப் பட்டை உரிக்கும் சிங்கோனாவும் பிறகு தேயிலையும் வந்தன. மேடை நின்றதால் நாங்களும் அந்த வீட்டில் நின்றோம்.

மூன்றடிக் கோல் வாசலில் பழைய ஆணியிலேயே தொங்கியது. மேலே அதற்கு வேலை போய்விட்டதால், என் நாத்தனார் அதற்கு வீட்டுக்குள் ஒரு வேலை கொடுத்தார். மாதம் ஒருமுறை என் மகளைக் கதவில் சாய்த்து நிறுத்தி அளப்பார். இரண்டாவது வெட்டை அவள் பத்து மாதத்துக்கு முன்பே தாண்டிவிட்டாள். அவள் அண்ணன் தாண்டாத அந்தப் பத்தாம் மாதத்தை நாங்கள் மூவரும் நாள் எண்ணிக் கடந்தோம். அது முடிந்த நாளில் என் நாத்தனார் காரணம் சொல்லாமல் பாயசம் வைத்தார்.

மூன்றாவது வெட்டைத் தொட்டது ஒரு தைப்பொங்கல் காலையில். தலைக்குக் குளித்து, ஈர முடியோடு கதவில் நின்றாள். என் நாத்தனார் உள்ளங்கையை அவள் உச்சியில் தட்டையாக வைத்துக் கோலைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்டிக்காரி, இங்க வா. மூணடி தாண்டிருச்சு. தொரெ உத்தரவு, தலைய வெட்டணும். கத்திய எடு."

அந்தக் கதையை என் மகள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். யார் எதைச் சொன்னார்கள் என்பது வரிசை பிசகாமல் அவளுக்குத் தெரியும். அவள் அசையாமல் நின்றபடி, கன்னத்தைத் துரை போல உப்பிக்கொண்டு, "புதுக் கோல் வெட்டிக்கோ," என்றாள்.

வெளியே அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்த என் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் நாத்தனார் கோலை ஆணியில் மாட்டினார். கத்தியை எடுத்துக்கொண்டு, வேலியோரக் கொய்யாவில் நேரான கிளையாகப் பார்த்து வெட்டப் போனார். அவர் பின்னாலேயே ஓடிய என் மகள், வழியில் ஒரு பனிச்சரிவு மரத்தின் அருகே ஒரு கணம் நின்று, தன் தோளுக்கும் கீழே இருந்த அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.